மறதி நோயில் 88 லட்சம் முதியோர்: பராமரிப்பு குடும்பத்தின் தலையில், கையெழுத்திடும் உரிமை யாருக்கும் இல்லை

புதுதில்லி: கிராமங்களிலும் நகர்ப்புறக் குடியிருப்புகளிலும் வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்களின் கையில் ஒரு படிவம் இருக்கும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய் போன்றவற்றின் அறிகுறிகளைக் கேட்டறிய உருவாக்கப்பட்ட அந்தப் படிவத்தில், 60 வயதைக் கடந்தவர்களுக்கென்றே சில கேள்விகள் இடம்பெற்றுள்ளன. நெருங்கியவர்களின் பெயரோ சொந்த வீட்டின் முகவரியோ மறந்துபோகிறதா என்பது அவற்றுள் ஒன்று. ‘ஆம்’ என்ற பதில் கிடைத்தால், அந்த முதியவரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி.

அதற்குப் பிறகு நடக்க வேண்டியது என்ன என்பதில்தான் தெளிவில்லை. டிமென்ஷியா எனப்படும் மறதி நோயைக் கண்டறிவது ஒரு நாள் வேலை. அந்த நோயுடன் ஒருவர் வாழும் காலமோ பெரும்பாலும் பல ஆண்டுகள். அந்த ஆண்டுகள் முழுவதும் மருத்துவமனைக்கு வெளியே, வீட்டின் கூடத்திலும் சமையலறையிலும் கழிகின்றன. இந்தியாவின் மருத்துவக் காப்பீடும் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமும் வங்கி நடைமுறைகளும் இந்த நீண்ட இடைக்காலத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அல்ல.

நாட்டில் எத்தனை பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர் என்பதற்கு இன்று கிடைக்கும் நம்பகமான மதிப்பீடு, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் பிற இந்திய நிறுவனங்களுடன் இணைந்து மேற்கொண்ட ஆய்வாகும். 2023-இல் வெளியான அதன் முடிவின்படி, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கின்றனர். 2010-இல் வெளியான ‘டிமென்ஷியா இந்தியா’ அறிக்கை இந்த எண்ணிக்கையை 37 லட்சமாகக் கணக்கிட்டிருந்தது. இடைப்பட்ட காலத்தில் முதியோர் எண்ணிக்கை உயர்ந்தது உண்மையே. ஆயினும் இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் கணக்கிடும் முறை மாறியதும் ஒரு காரணம். முந்தைய மதிப்பீடு சிற்சில ஊர்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தது. பிந்தையது பல மாநிலங்களில் முதியோரை நேரில் சோதித்து எழுதப்பட்டது.

அந்த ஆய்வின் உட்பிரிவுகள் கவனத்துக்குரியவை. பெண்களிடம் 9 சதவீதமாக உள்ள பாதிப்பு ஆண்களிடம் 5.8 சதவீதமாக உள்ளது. நகரங்களில் 5.3 சதவீதம் என்றால் கிராமங்களில் 8.4 சதவீதம். தில்லியில் 4.5 சதவீதமாக இருக்கும் இந்த விகிதம் ஜம்மு காஷ்மீரில் 11 சதவீதமாக உயர்கிறது. மறதி நோய் என்பது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் நோய் என்ற பொதுவான எண்ணத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. பள்ளிப் படிப்பு குறைவாக உள்ளவர்களிடம் பாதிப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. இன்று 70 வயதைக் கடந்துள்ள கிராமப்புறப் பெண்களில் பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், பெண்களுக்கும் கிராமங்களுக்கும் உரிய அந்த உயர்ந்த விகிதத்தின் பின்னணி ஓரளவு புலப்படும்.

மறதி மட்டும் அல்ல

டிமென்ஷியா ஒரே நோயின் பெயர் அன்று. நினைவாற்றல், மொழி, திசையறிவு, தீர்மானிக்கும் திறன் ஆகியவை படிப்படியாகக் குலைந்து அன்றாட வாழ்க்கையைத் தன்னால் நடத்த இயலாத நிலைக்கு ஒருவரைக் கொண்டு செல்லும் பல நோய்களின் பொதுப்பெயர் அது. அவற்றுள் அல்சைமர் நோயே மிகுதி. மூளை இரத்த நாளங்களின் அடைப்பால் வருவது மற்றொரு பெரும்பிரிவு. கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதற்கு வழிவகுக்கின்றன. நெற்றிப்பகுதி மூளையைத் தாக்கும் வகையில், நினைவு ஓரளவு நன்றாக இருக்கும்போதே குணமும் பேச்சும் மாறிவிடும். ஐம்பதுகளில் இருப்பவர்களையும் அது பிடிக்கும். அத்தகையவரை மனம் கெட்டுப்போனவர் என்றோ ஒழுக்கம் தவறியவர் என்றோ குடும்பத்தார் பல காலம் எண்ணிக்கொண்டிருப்பதுண்டு.

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து மண்டைக்குள் இரத்தம் கசிந்து கட்டுதல் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். இவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். ‘வயதானால் இப்படித்தான்’ என்று சொல்லி மருத்துவரிடம் செல்லாமல் விடுவதில் உள்ள முதல் இழப்பு இதுவே.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், தமது பெயரைப் பின்னாளில் பெற்ற நோயை 1906-இல் முதன்முதலாக விவரித்தார். 1901-இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய குறிப்பு அது. அந்தப் பெண்ணிடம் முதலில் தென்பட்ட மாற்றம் மறதி அன்று. கணவர் மீது எழுந்த சந்தேகம்.

இந்தியக் குடும்பங்கள் பலவற்றிலும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. வைத்த இடம் மறந்துபோன நகையை மருமகள் எடுத்துவிட்டாள் என்ற குற்றச்சாட்டு வருகிறது. சாப்பிட்டுக் கைகழுவிய அரை மணி நேரத்தில், தனக்கு யாரும் சோறு போடவில்லை என்று அண்டை வீட்டாரிடம் முறையீடு போகிறது. முறையிடுபவர் பொய் சொல்லவில்லை. உண்ட நினைவு அவரிடம் இல்லை, அவ்வளவே. கேட்பவருக்கு அது தெரியாது. ஊரும் உறவும் முதியவரின் சொல்லையே நம்புகின்றன. வெளியூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் மனைவியையோ தம்பி மனைவியையோ கடிந்துகொள்கிறார். நோய் என்னவென்று மருத்துவர் சொல்வதற்குள், அந்த வீட்டில் பல ஆண்டுகளுக்கு ஆறாத மனக்கசப்பு விழுந்துவிடுகிறது.

நோய் முற்றும்போது கவனிப்பின் தன்மை மாறுகிறது. மாலை வெளிச்சம் மங்கும் வேளையில் பலருக்குப் பதற்றம் மிகும். சொந்த வீட்டில் அமர்ந்துகொண்டே ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று எழுந்து நடப்பார்கள். அவர்கள் கேட்கும் வீடு பெரும்பாலும் பிறந்து வளர்ந்த, இன்று இடிந்துபோன ஏதோ ஒரு வீடு. கதவுக்கு உள்தாழ்ப்பாள், அடுப்பெரிவாயுக் குழாய்க்குப் பூட்டு, இரவில் இருமுறை மூன்றுமுறை விழிப்பு என்று குடும்பம் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. பின்னர் குளிக்க மறுப்பு, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பு, இறுதிக் கட்டத்தில் விழுங்கவே இயலாத நிலை.

இந்த உழைப்பைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். டிமென்ஷியா நோயாளிகளுக்கான பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே அளிக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2019-இல் இந்நோயால் உலகுக்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என்றும், அதில் ஏறக்குறைய பாதி குடும்பத்தாரும் நண்பர்களும் ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பின் மதிப்பு என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. வேலையை விட்ட மகளின் வருமானம் எந்த மருத்துவமனை ரசீதிலும் ஏறுவதில்லை.

எழுதத் தெரியாதவரிடம் எப்படிச் சோதிப்பது?

நோயைக் கண்டறிவதிலேயே இந்தியாவுக்குரிய ஒரு சிக்கல் உண்டு. மேலை நாடுகளில் வகுக்கப்பட்ட நினைவாற்றல் சோதனைகள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்லும். எழுத்தறிவில்லாத ஒருவர் அதில் தோற்றால், காரணம் நோயா கல்வியின்மையா என்று பிரித்தறிய இயலாது. ஹரியாணாவின் பல்லப்கர் பகுதியில் 1990-களில் நடைபெற்ற இந்திய–அமெரிக்கக் கூட்டாய்வு இதற்கு ஒரு வழி கண்டது. அங்கு உருவான இந்திச் சோதனையில், நூறிலிருந்து ஏழு என்பதற்கு மாறாக இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். எழுதச் சொல்வதற்கு மாறாக வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லும்படி கேட்டார்கள். அந்தச் சோதனையின் வழிவந்த முறைகளே இன்றளவும் கிராமப்புற ஆய்வுகளில் பயன்படுகின்றன.

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி தலைமையில் நடந்து 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. 648 நோயாளிகளின் விவரங்களைப் பரிசீலித்த அக்குழு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுவோருக்கு ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதைக் கண்டது. பள்ளிக்கே செல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது என்பதுதான் முக்கியம். சந்தையிலும் அண்டை வீட்டிலும் கற்ற மொழி, ஏட்டுக் கல்வி இல்லாத மூளைக்கும் ஏதோ ஒரு காப்பைத் தருகிறது போலும்.

ஆனால் சோதனை முறை இருந்தால் போதாது. செய்வதற்கு ஆள் வேண்டும். ஒரு லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர் என்ற அளவே நாட்டில் உள்ளது. நரம்பியல் வல்லுநர்களும் முதியோர் மருத்துவ வல்லுநர்களும் பெருநகரங்களில் குவிந்துள்ளனர். ஆஷா பணியாளரின் படிவத்தில் விழுந்த ‘ஆம்’, மாவட்டத் தலைநகரைத் தாண்டி இருநூறு கிலோமீட்டர் பயணிக்க வேண்டியிருக்கும்போது, பெரும்பாலான குடும்பங்கள் பயணத்தைக் கைவிடுகின்றன.

மருந்துகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. டோனபெசில், மெமண்டைன் போன்ற பழைய மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைச் சில காலம் தணிக்கும், நோயை நிறுத்தா. 2023-இலும் 2024-இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகனெமாப், டொனனெமாப் ஆகியவை ஆரம்ப நிலை அல்சைமரின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. இவற்றைத் தொடங்குமுன் சிறப்புப் பரிசோதனைகளும், தொடங்கிய பின் மூளை வீக்கம் அல்லது கசிவு உள்ளதா என்பதை அறிய அடிக்கடி எம்.ஆர்.ஐ. படமும் தேவை. நோய் முற்றிய பிறகே மருத்துவரைக் காணும் நாட்டில் இவற்றால் பயனடைவோர் சிலரே.

தடுப்பில்தான் கூடுதல் இடம் உள்ளது. ‘லான்செட்’ ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கையாண்டால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. இளமையில் கல்வியின்மை, காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், தனிமை, காற்று மாசு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடு ஆகியவை அவற்றுள் சில. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. மறதி நோய்க்கான திட்டம் என்று அது அறிவிக்கப்படவில்லை. எனினும் மறதி நோயின் ஒரு பெரும்பிரிவுக்கு எதிரான வேலையையே அது செய்கிறது.

காப்பீடு எட்டாத இடம்

70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் வழங்கும் முடிவு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முதியோர் நலனில் அது ஒரு பெரிய அடியே. ஆனால் அத்திட்டம் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கு உரியது. சேர்வதற்கு 3 நாள் முன்பும் வீடு திரும்பிய பின் 15 நாளும் ஆகும் செலவையும் அது ஏற்கும். இடுப்பெலும்பு முறிந்தால் அதில் இடமுண்டு. இரவில் முதியவருடன் விழித்திருக்கும் பணியாளரின் ஊதியத்துக்கும், மாதந்தோறும் வாங்கும் முதியோர் அணையாடைக்கும், பகல்நேரக் காப்பகக் கட்டணத்துக்கும் இடமில்லை. மறதி நோயின் செலவு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

சட்டத்தில் உள்ள முரண் இன்னும் விந்தையானது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு வரிக்கழிவு தரும் 80டிடிபி பிரிவின் விதிகளில் டிமென்ஷியாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, தனது பட்டியலில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் நோயைச் சேர்த்தபோதிலும் டிமென்ஷியாவைச் சேர்க்கவில்லை. நினைவுக் குலைவையும் உள்ளடக்கிய ‘மனநோய்’ என்ற வகையின்கீழ்தான் சான்றிதழ் கோர வேண்டும். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே விண்ணப்பிக்காத குடும்பங்கள் உண்டு. வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் உள்ளவரின் டிமென்ஷியாவை அரசு பெயர் சொல்லி அடையாளம் கண்டது. ஏழையின் டிமென்ஷியாவுக்கு வேறொரு பெயரில் வரிசையில் நிற்கும்படி சொல்கிறது.

பணம் கையிருப்பில் உள்ள குடும்பத்துக்கும் ஒரு பெரும் தடை காத்திருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே மகனுக்கோ மகளுக்கோ பொது அதிகார ஆவணம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகின்றனர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு, அதிகாரம் கொடுத்தவர் மனத்தெளிவு இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிவுக்கு வந்துவிடும் என்கிறது. எந்த நாளுக்காக அந்த ஆவணம் எழுதப்பட்டதோ அந்த நாளிலேயே அது செல்லாததாகிறது. இத்தகைய நிலைக்கென்றே பிரிட்டன் 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின் மூலம் நீடித்த அதிகார ஆவணத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதற்கு இணையான சட்டம் இல்லை.

மற்ற கதவுகளும் அரைகுறையாகவே திறக்கின்றன. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் காப்பாளரை நியமிக்கிறது. ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முன்கூட்டியே அறிவுறுத்தல் எழுதிவைக்கவும் பிரதிநிதியை நியமிக்கவும் வழி செய்கிறது. அது சிகிச்சை தொடர்பானது, சொத்து தொடர்பானதன்று. சொத்துக்கு மேலாளரை நியமிக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த பிரிவுகளும் புதிய சட்டத்தில் விடுபட்டன. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு கூறும் ‘வரம்புக்குட்பட்ட காப்பாளர்’, பாதிக்கப்பட்டவருடன் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டியவர். பேச்சே நின்றுபோனவருடன் எப்படிக் கலந்து பேசுவது என்பதற்கு விடையில்லை. எனவே வைப்புத்தொகையை எடுக்கவும் வீட்டை விற்று மருத்துவச் செலவைச் சமாளிக்கவும் குடும்பங்கள் உயர் நீதிமன்றப் படியேறுகின்றன. நினைவிழந்து கிடப்போருக்குக் காப்பாளர் நியமிப்பதற்கான வழிகாட்டு நெறிகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுக்க நேர்ந்தது, சட்டமன்றங்கள் விட்ட இடைவெளியை நிரப்புவதற்காகத்தான்.

நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஃபெர்னாண்டஸுக்கே இந்த நிலை வந்தது. அல்சைமரால் பாதிக்கப்பட்டிருந்த அவர் யாருடன் வாழ வேண்டும், யார் அவரைப் பார்க்கலாம் என்பதில் 2010-இல் மனைவிக்கும் சகோதரர்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நெருங்கிய அரசியல் சகா அவரைச் சந்திக்கக் கோரிய விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1974-இல் ரயில்வே வேலைநிறுத்தத்தால் நாட்டையே நிறுத்திக்காட்டிய தலைவரின் விருப்பம் என்னவென்று அப்போது அவரிடமிருந்து முழுமையாக அறிய வழியில்லை. அவர் 2019 ஜனவரியில் காலமானார்.

டிமென்ஷியாவுக்கு ஒவ்வொரு நாடும் தேசியத் திட்டம் வகுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் கேட்டுக்கொண்டது. இந்தியாவில் அப்படியொரு தனித் திட்டம் இன்னும் உருவாகவில்லை. மாநிலங்களில் சில முயற்சிகள் உண்டு. முதியோர் விகிதம் மிகுந்த கேரளத்தில் ‘ஓர்மத்தோணி’ என்ற திட்டம் நடைபெறுகிறது. கர்நாடகம் நிம்ஹான்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு மூளை நலச் சேவையைக் கொண்டுசெல்கிறது. 2036-க்குள் இந்நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 1.7 கோடியை எட்டும் என்ற கணிப்பின் முன் இவை சிறியவை.

வழி தெரியாமல் இல்லை. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2008-இல் முடிவு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோய் என்னவென்று விளக்குவது, சந்தேகத்தையும் பதற்றத்தையும் எப்படி எதிர்கொள்வது என்று சொல்லிக் கொடுப்பது, பராமரிப்பவரின் சோர்வைக் காதுகொடுத்துக் கேட்பது ஆகியவையே அவர்களின் பணி. வல்லுநர்கள் மேற்பார்வை செய்தனர். பராமரிப்போரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டது.

இதே பணியை இன்று நாடெங்கும் செய்யக்கூடியவர்கள், படிவத்துடன் வாசலுக்கு வரும் ஆஷா பணியாளர்களே. தடுப்பூசி, பிரசவம், காசநோய், தொற்றா நோய் என்று அவர்களிடம் ஏற்கெனவே குவிந்துள்ள வேலைகள் ஏராளம். அரசின் ஏடுகளில் அவர்கள் இன்னும் தன்னார்வலர்களே. மாதச் சம்பளம் இல்லை, பணிக்கேற்ற ஊக்கத்தொகைதான். வீட்டுக்குள் ஊதியமின்றி உழைக்கும் பெண்ணுக்குத் துணையாக, வெளியிலிருந்து குறைந்த ஊதியத்தில் இன்னொரு பெண்ணை அனுப்புவது என்றால், அந்த வருகைக்கான தொகை எவ்வளவு, அதை மத்திய அரசு தருமா மாநில அரசு தருமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.